நீரை விரும்பும் குளுக்கோசை நீருக்குள்ளேயே ஒரு செயற்கை ஏற்பி எப்படிப் பிடிக்கிறது?

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஐதரசன் பிணைப்புப் பாடம் நடக்கும்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எண்ணெய் மாதிரி தண்ணீரை வெறுக்கும் ஒன்று குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அது விளங்குது. சீனி தண்ணீரோடு ஒட்டிக்கொண்டுதானே இருக்கு, அது ஏன் தண்ணீரை விட்டு வரணும்?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாயிக்குச் சீனி வருத்தம். வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பது அவள்தான். அந்தப் பரிசோதனைக் கீற்றில் நொதி இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். நொதியே இல்லாமல், ஆய்வுகூடத்தில் கட்டிய ஒரு சின்ன மூலக்கூறு குளுக்கோசை அடையாளம் காணும் என்று எங்கோ வாசித்திருக்கிறாள்.

எனக்கும் இதில் ஒரு முடிச்சு. ஐதரசன் பிணைப்புக்கென்று ஏற்பியில், அதாவது இப்படி இன்னொன்றைப் பிடிக்கும் மூலக்கூறில், ஒரு கூட்டத்தை (அணுத்தொகுதியை) வைத்தால், அதை முதலில் நீரே பிடித்துக்கொள்ளும். ஒரு பிணைப்பை உடைத்து அதேபோல இன்னொன்றைப் போடுவதில் என்ன லாபம்? குளோரோபோம் போன்ற, பிணைப்புக்குப் போட்டி போடாத கரைப்பானில் நன்றாக வேலை செய்யும் ஏற்பிகள் நீரில் தோற்பதும் இதனால்தானே?

ஊவாக்காரன்:
டீச்சர், அந்தப் பிள்ளை தொட்டிருப்பது இந்தத் துறையின் மையக் கேள்வி. நான் பண்டாரவளை. பேராதனையில் படித்துவிட்டு இப்போது சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகளில்தான் ஆய்வு செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் போட்டியைப் பாருங்கள். ஒரு லீற்றர் நீரில் 55.5 மூல் நீர் இருக்கிறது. சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் குளுக்கோசு லீற்றருக்குச் சுமார் 5 மில்லிமூல். ஒரு குளுக்கோசுக்கு ஏறத்தாழ 11,000 நீர் மூலக்கூறுகள்! திறந்த நீரில் நிற்கும் கூட்டத்துக்கு நீங்கள் சொன்ன கணக்குத்தான் சரி, அங்கே லாபமே இல்லை.

அதே கூட்டத்தை எண்ணெய்த்தன்மையான சுவர்களுக்கு நடுவே, உள்நோக்கி வைத்தால் கணக்கு மாறுகிறது. அந்தக் குறுகிய இடத்துக்குள் புகுந்த நீருக்கு, வெளியில் கிடைக்கிற அளவுக்குப் பிணைப்புகள் கிடைப்பதில்லை. இடத்துக்கு அளவான ஒரு மூலக்கூறு வந்ததும் அந்த நீர் வெளியே போய் மற்ற நீரோடு முழுமையாகப் பிணைகிறது. உள்ளே உருவாகும் புதிய பிணைப்பைக் குலைக்கப் பக்கத்தில் வேறு நீரும் இல்லை. லாபம் இங்கேதான். சீனாவின் ஷென்சென் நகரில் வெய் ஜியாங் குழு இதை அழகாகக் காட்டியது: நப்தலீன் சுவர்கள், உள்ளே பார்த்த ஏமைட்டுக் கூட்டங்கள். நீரில் எந்த விகிதத்திலும் கலக்கும் டைஒக்சேன் என்ற கரைப்பானை அந்த ஏற்பி நீரிலிருந்தே பிடித்தது.

குளுக்கோசு இதைவிடக் கஷ்டம். பாடசாலையில் பந்தும் குச்சியும் உள்ள மாதிரிப் பெட்டி இருந்தால் மாணவர்களைக் கொண்டே பீட்டா-குளுக்கோசைக் கதிரை அமைப்பில் கட்டுவியுங்கள். மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். வளையத்தின் நான்கு ஐதரொட்சில் கூட்டங்களும், ஆறாவது காபனைத் தாங்கும் கிளையும் ஓரத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது மேலிருந்து பாருங்கள்: மேல்முகத்தில் காபனோடு பிணைந்த இரண்டு ஐதரசன்கள், கீழ்முகத்தில் மூன்று. ஒட்சிசன் ஒன்றுகூட அங்கே எழும்பி நிற்காது. ஓரம் முழுக்க நீரை விரும்புகிறது. இரண்டு முகங்களும் அப்படியல்ல. நீரை விரும்பும் மூலக்கூறு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், இந்த இரண்டு முகங்களையும் யாரும் கவனிப்பதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அந்தோனி டேவிஸ் குழு 2019இல் வெளியிட்ட ஏற்பி இந்த வடிவத்துக்காகவே கட்டப்பட்டது. கூரையும் தரையும் பென்சீன் வளையங்கள், குளுக்கோசின் இரு முகங்களுக்கு. தூண்களில் ஆறு யூரியாக் கூட்டங்கள், ஓரத்து ஐதரொட்சில்களுக்கு. கூண்டு நீரில் கரைய வெளிப்புறத்தில் காபொட்சிலேற்றுக் கிளைகள். குளுக்கோசோடு பிணைப்பு மாறிலி (எண் பெரிதானால் பிடி இறுக்கம்) சுமார் 18,000. சர்க்கரையைப் பிடிக்கும் இயற்கைப் புரதங்களான லெக்டின்களே பல இடங்களில் தனிச்சர்க்கரையை இதைவிடத் தளர்வாகத்தான் பிடிக்கின்றன. கலக்டோசில் ஒரேயொரு ஐதரொட்சில் ஓரத்தில் கிடக்காமல் மேலே எழும்பி நிற்கிறது. அது போதும், பிடி நூறு மடங்கு அளவில் விழுந்துவிடுகிறது.

நானுஓயா லேப்:
நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை. போரோனிக் அமிலம் வைத்தும் சர்க்கரையைப் பிடிக்கிறார்களே? அது சுலபம் இல்லையா? அப்புறம், 18,000 என்றால் அதை நேரே சீனி அளக்கும் கருவியில் போடலாமா?

ஊவாக்காரன்:
போரோனிக் அமிலம் சர்க்கரையோடு பங்கீட்டுப் பிணைப்பையே போடுகிறது, மீளக்கூடிய வகை. ஆனால் சாதாரணமாக அது குளுக்கோசைவிட பிரக்டோசைத்தான் அதிகம் விரும்பும். இரண்டு போரோனிக் கூட்டங்களைச் சரியான தூரத்தில் வைத்தால் குளுக்கோசின் பக்கம் திருப்பலாம்.

கருவிக்கு 18,000 மிகையான பலம். அரைவாசிக் கூண்டுகள் நிரம்ப 0.06 மில்லிமூலுக்கும் குறைவாகவே போதும். 5 மில்லிமூலில் ஏறத்தாழ எல்லாம் நிரம்பிவிடும். 15க்கு ஏறினாலும் சமிக்ஞையில் வித்தியாசம் தெரியாது. நோயாளிக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம்தான்.

இந்தச் சிக்கலுக்கு எனக்கு மிகவும் பிடித்த விடை இன்சுலின் பக்கமிருந்து வந்தது. பிரிஸ்டலில் இந்த வேலையிலிருந்து பிறந்த சிறு நிறுவனத்தை, இன்சுலின் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் 2018இல் வாங்கியது. 2024இல் அவர்கள் ஆய்வுக் கட்டுரையில் வெளியிட்ட இன்சுலினில் ஓர் இடத்தில் கூண்டும் இன்னோர் இடத்தில் குளுக்கோசைப் போன்ற ஒரு துண்டும் இருக்கின்றன. இரத்தத்தில் சீனி குறைவென்றால் அந்தத் துண்டு தன் கூண்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து இன்சுலினை மூடிவைக்கும். சீனி ஏறினால் குளுக்கோசு துண்டைத் தள்ளிவிட, இன்சுலின் திறக்கும். குளுக்கோசு 3இலிருந்து 20 மில்லிமூலுக்குப் போகும்போது, இன்சுலின் ஏற்பியோடு அதன் ஈர்ப்பு 3.2 மடங்கு கூடியது. அந்த ஆய்வு எலிகளிலும் பன்றிகளிலும் செய்தது. மனிதருக்கு இதுவே மருந்து என்று மாணவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஹட்டன் டீச்சர்:
ரொம்ப நன்றி தம்பி. மாதிரிப் பெட்டி இருக்கிறது, திங்கட்கிழமை கட்டுவோம். அல்பா வடிவத்தையும் கட்டச் சொல்லவா?

ஊவாக்காரன்:
கட்டாயம் டீச்சர். முதலாம் காபனின் ஐதரொட்சில் மட்டும் கீழ்நோக்கி நிற்கும், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீரில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கும். சமநிலையில் சுமார் 64 வீதம் பீட்டா, 36 வீதம் அல்பா. எது ஏன் கூடுதல் என்று கேட்டால் மாதிரியைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள்.