மெல்லிய பொருள்கள் சிலிக்கானின் இடத்தைப் பிடிக்குமா?

உட்லண்ட்ஸ்காரன்:
தொடக்கக் கல்லூரியை முடித்த என் மகள் பல்கலைக்கழகத்தில் நானோபொருள்களைப் பற்றிப் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். கிராஃபீன் வந்துவிட்டால் சிலிக்கான் ஆலைகளுக்கு வேலை இருக்காதாம். வேஃபர் (சில்லுகள் செய்யப்படும் வட்டமான சிலிக்கான் தகடு) ஆலையில் மென்படலம் படியவைக்கும் பிரிவில் 18 ஆண்டுகளாக இருக்கும் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004இல் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எனும் ஒற்றை அணு ஏட்டை உரித்தார்கள், 2010இல் நோபெல் பரிசும் பெற்றார்கள். 2019இல் நோவோசெலோவ் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தார். ஆனாலும் நான் அன்றாடம் பார்ப்பது சிலிக்கானைத்தான். கிராஃபீனில் ஆற்றல் இடைவெளி (மின்சாரம் பாய எலெக்ட்ரான்கள் தாண்டவேண்டிய ஆற்றல் தடை) இல்லாததால், அதில் செய்த டிரான்சிஸ்டரை முழுமையாக அணைக்க முடியாது. அது மூடிய பின்னும் ஒழுகும் குழாய் போன்றது.

மெல்லேடு:
ஐயா, கிராஃபீனைப் பற்றி நீங்கள் சொன்னதை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒன்றை வைத்து மெல்லேட்டுப் பொருள்களின் முழுக் குடும்பத்தையும் ஒதுக்குவது முறையல்ல. மாலிப்டினம் டைசல்ஃபைடை ஒற்றை அடுக்காக்கினால் அதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.8 எலெக்ட்ரான் வோல்ட்; சிலிக்கானுக்கு 1.1தான். உங்கள் துறையே இப்போது வாயிலால் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் மின்முனை) நாற்புறமும் சூழப்பட்ட சிலிக்கான் தகடுகளுக்கு வந்துவிட்டது. அத்தகடுகளைச் சுமார் 3 நானோமீட்டருக்குக் கீழே மெலியவைத்தால், மேற்பரப்பின் மேடுபள்ளங்களில் மோதி எலெக்ட்ரான்களின் வேகம் சரிந்துவிடுகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓர் அடுக்கோ சுமார் 0.65 நானோமீட்டர்தான், அதன் மேற்பரப்பில் தொங்கும் பிணைப்புகள் (இணை கிடைக்காமல் நிற்கும் அணுப் பிணைப்புகள்) இல்லாததால், அவ்வளவு மெலிந்த நிலையிலும் மின்னோட்டம் பெரிதாகக் கெடுவதில்லை.

உட்லண்ட்ஸ்காரன்:
தொங்கும் பிணைப்புகள் இல்லை என்பதை நீங்கள் வரமாகச் சொல்கிறீர்கள். என் பிரிவில் அதுவே சாபம். வாயிலுக்கு அடியில் வரும் மின்காப்புப் படலத்தை அணு அடுக்கு அடுக்காகப் படியவைக்கும்போது, முதல் அடுக்கு பற்றிக்கொள்ளப் பிணைப்புகள் வேண்டும். பற்ற இடமில்லாத பரப்பில் படலம் திட்டுத்திட்டாக வளரும், அந்த இடைவெளிகளின் வழியே மின்சாரம் கசியும். உலோகத் தொடர்பை அமைப்பதிலும் இதே தொல்லைதான்: மேற்பரப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத பொருளில் உலோகத்தைக் கொண்டுபோய் எங்கே ஊன்றுவது?

மெல்லேடு:
மின்காப்புப் படலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. படலம் பற்றிக்கொள்ள முதலில் ஒரு விதைப்படலம் இட்டுச் சமாளிக்கிறோம், அது அழகான தீர்வு அல்ல. உலோகத் தொடர்பு விஷயத்தில் நிலைமை மாறிவிட்டது. 2021இல் பிஸ்மத் என்ற அரை உலோகத்தைப் பயன்படுத்தித் தொடர்பின் மின்தடையை 123 ஓம் மைக்ரோமீட்டராகக் குறைத்துக் காட்டினார்கள். சிலிக்கானோடு ஒப்பிடத்தக்க எண் அது.

கூரைச்சூரியன்:
இருவரும் சில்லுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடக் கூரைகளில் சூரியத் தகடுகளையும் அவற்றுக்கான மின்கலன்களையும் பொருத்துபவன் நான். மின்கலத்தில் நானோபொருள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது: லித்தியம் அயனிக் கலத்தின் மின்முனைப் பசையில் கார்பன் நானோகுழாய்களைச் சிறிதளவு கலந்தாலே துகள்களுக்கிடையே மின்பாதை அமைந்துவிடும். வரவேற்பறையிலுள்ள தொலைக்காட்சியில்கூடக் குவாண்டம் புள்ளிகள் என்னும் நானோ அளவுப் படிகத் துகள்கள் இருக்கின்றன. புள்ளியின் அளவை மாற்றினால் நிறம் மாறும். அவற்றைக் கண்டறிந்தவர்களுக்கு 2023இல் வேதியியல் நோபெல் கிடைத்தது.

உட்லண்ட்ஸ்காரன்:
நீங்கள் சொல்வதெல்லாம் குழம்பில் போடும் உப்பு, தம்பி. குழம்பே அதுவாகும் என்பதுதான் என் மகளின் வாதம். கிராஃபீனின் பரப்பு ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் என்கிறார்கள், அதுவும் கணக்கின்படி. உலர்த்தியவுடன் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி மறுபடியும் கிராஃபைட்டைப் போலாகிவிட்டால், பரப்பில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் மிகைமின்தேக்கிக்குப் பரப்பு எங்கே மிஞ்சும்?

கூரைச்சூரியன்:
ஒட்டிக்கொள்வது உண்மைதான். உப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், அண்ணே. மின்கலத்தின் எதிர்மின்முனையில் ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைத்தான் ஏற்கும். சிலிக்கான் ஏறத்தாழ 3,600 வரை ஏற்கும், ஆனால் 300 விழுக்காடு வீங்கி உடையும். சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைந்த துகளாக்கினால் உடைவதில்லை. பரப்பு கூடுவதால் முதல் மின்னேற்றத்திலேயே லித்தியத்தின் ஒரு பகுதி படலமாகி வீணாகும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. உங்கள் சிலிக்கானும் பயன்பட வேண்டுமானால் நானோவாக வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

உட்லண்ட்ஸ்காரன்:
அது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். மெல்லேடு அவர்களுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. 300 மில்லிமீட்டர் வேஃபர் முழுவதும் உங்கள் ஏட்டில் எத்தனை குறைகள் இருக்கும்? என் மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

மெல்லேடு:
கந்தக அணு விடுபட்ட இடங்கள் சதுர சென்டிமீட்டருக்கு 10 டிரில்லியன் என்ற அளவில் இருப்பது வழக்கம். நூறு கந்தக அணுவுக்கு ஒன்றுகூட இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் உங்கள் மேலாளர் அதை ஏற்கமாட்டார். மேலும் அந்த எண், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சில நானோமீட்டர் சதுரங்களைப் பார்த்து நாங்கள் பெருக்கிச் சொல்வது. முழு வேஃபரையும் யாரும் எண்ணித் தருவதில்லை.