உள்நுழைய மட்டும் தனி மின்னஞ்சல் முகவரி: யாராவது இப்படி வைத்திருக்கிறீர்களா?

என் அவுட்லுக் கணக்கின் உள்நுழைவு வரலாற்றைத் திறந்தால், யார் யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருப்பதால் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் எரிச்சல். பல வருடங்களாகக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்த முகவரி, வேறென்ன நடக்கும்!

அலியாஸ் என்று அதே கணக்கிலேயே இன்னொரு புதிய முகவரியைச் சேர்த்து, அதை முதன்மையாக்கி, பழையதற்கு உள்நுழையும் உரிமையை மட்டும் நீக்கலாம் என்று தெரியும். பழைய முகவரிக்கு அஞ்சல் வழக்கம்போல வரும். அதை அழிக்கக்கூடாது என்பதும் தெரியும், அழித்தால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

இதைச் செய்தவர்களிடம் கேட்க வேண்டியது: கைபேசி, கணினி எல்லாவற்றிலும் மறுபடி உள்நுழைய வேண்டி வந்ததா? பதில் அனுப்பும்போது புதிய ரகசிய முகவரி தானாகவே வெளியே போய்விடுகிறதா? எனக்குப் பெரிய பயம் இதுதான். போய்விட்டால் அப்புறம் இவ்வளவு பாடும் எதற்கு?

ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்க்கும் வழியைச் சொல்லாதீர்கள். யார் நம் முகவரியை விற்றார்கள் என்று கண்டுபிடிக்க அது சரி. குறியையும் அந்தச் சொல்லையும் வெட்டினால் உண்மையான முகவரி வந்துவிடும், பூட்டுக்கு உதவாது.

இல்லை, பேசாமல் பாஸ்கீக்கு (கடவுச்சொல் இல்லாமல், கைரேகை, முகம் அல்லது சாதனத்தின் பின் எண்ணைக் கொண்டு உள்நுழையும் முறை) மாறிவிடலாமா?