மறுமொழி: எமுலேட்டர் – ‘போலிப்பொறி’யா, ‘ஒத்தியங்கி’யா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பழைய பொறி ஒன்றைப் போலவே செயல்பட்டு அதன் நிரலை ஓட்டும் எமுலேட்டருக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> ‘போலிப்பொறி’ என்றால் என்ன தவறு? இலக்கணத்தில் போலி இழிசொல் அல்லவே. அறம் அறன் ஆனாலும் பொருள் மாறுவதில்லை.

இலக்கணப்படி சரிதான் ஐயா. ஆனால் பழைய ஆர்கேட் பெட்டிகளை (காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளை) சேகரிப்பவர்களுக்குப் ‘போலி’ என்ற சொல் வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. பேக்-மேன் (1980) போன்ற விளையாட்டுகளின் மின்பலகைகளை அந்தக் காலத்திலேயே திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்றார்கள். அவை இன்றும் கைமாறுகின்றன. போலிப்பலகை என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும்.

> அப்படியானால் ‘பாவனைப்பொறி’?

இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அதைவிட முக்கியம், பாவனை என்பது வெளித்தோற்றம். எமுலேட்டரின் வேலை உள்ளே நடக்கிறது. ஸ்பேஸ் இன்வேடர்ஸை (1978) எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். காரணம், அதன் இன்டெல் 8080 செயலி ஒரு சட்டகத்துக்கு (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்குள்) ஓர் எதிரியைத்தான் நகர்த்தி வரைகிறது. ஆள் குறைந்தால் முறை சீக்கிரம் திரும்பி வருகிறது. அதே விளையாட்டைப் புதிதாக எழுதுபவர் இந்த வேகத்தைத் தனியே நிரலில் சேர்க்க வேண்டும். 1997இல் வெளிவந்த ‘மேம்’ என்ற ஆர்கேட் எமுலேட்டர் அப்படி எதையும் சேர்ப்பதில்லை. 8080 செய்ததை அதுவும் செய்கிறது, ரோம் எனும் நினைவகச் சில்லில் இருந்த நிரலை மாற்றாமல் ஓட்டுகிறது. வேகம் தானாக வந்துவிடுகிறது.

ஆகவே என் முன்மொழிவு: ஒத்தியங்கி. மூலத்தை ஒத்து இயங்குவது. தானியங்கி நமக்குப் பழகிய சொல், இதுவும் அதே வார்ப்பு. எமுலேஷன் ஒத்தியக்கம். ‘ஒப்பியக்கி’ வேண்டாம், இயக்கியைக் கணினியின் டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டோம்.

> ‘ஒத்து’ என்றதும் ஒத்து ஊதுவதுதான் நினைவுக்கு வருகிறது.

‘ஒத்துழைப்பு’ என்பதில் நாகசுரத்து ஒத்து குறுக்கிடுவதில்லையே. இங்கும் குறுக்கிடாது.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, இயக்கத்துக்கு மேல் எதற்கும் அது உரிமை கோருவதில்லை என்பதே. மிட்வே வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியில் படக்குழாய் கறுப்பு வெள்ளை. வண்ணத் தாள்களை ஒட்டித்தான் நிறம் வந்தது. படம் கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரைந்த நிலவுக் காட்சியின் மேல் மிதக்கும். இதில் எதுவும் ரோமில் இல்லை. அஸ்டராய்ட்ஸில் (1979) எலக்ட்ரான் கற்றையே நேராகக் கோடு இழுக்கிறது. எல்சிடி திரையில் அந்தக் கோடு புள்ளிகளாகிவிடும், குண்டின் பளிச்சிடல் மங்கிவிடும். இத்தகைய விளையாட்டுகளுக்கு மூலப்பெட்டியே வேண்டும், இடமும் பணமும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். காப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 (1993) ஆர்கேட் பலகை போன்றவற்றில் எனக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. பலகையிலுள்ள மின்கலம் தீர்ந்தால், நிரலின் மறைகுறியை அவிழ்க்கும் திறவி அழிந்து பலகையே முடங்கிவிடும். கணினியில் ஒத்தியங்கி வைத்து ஆடுபவர் அந்தக் கவலையின்றி விளையாட்டை முழுதாகவே ஆடுகிறார்.

எஃப்பிஜிஏ சில்லில் (உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சில்லு) பழைய சுற்றை அமைத்து ஓட்டும் ‘மிஸ்டர்’ கருவி இதில் அடங்குமா என்று தோழி ஒருவர் கேட்டிருந்தார். அடங்கும். ஒத்து இயங்குவது சுற்று, நிரல் அல்ல, அவ்வளவே வேறுபாடு. சில்லு ஒத்தியங்கி, மென்பொருள் ஒத்தியங்கி எனப் பிரித்துக்கொள்ளலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஒத்தியங்கி, மூலப்பலகை (அசல் மின்பலகை), போலிப்பலகை மூன்றையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.