‘கார்த்தியா?’ என்று யாரோ கூப்பிட்டார்கள்

மாட்ரிட்டிலிருந்து:
என் பெயர் கார்த்தி. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பின்னாலிருந்து யாரோ “கார்த்தியா?” என்று கேட்டது போலிருந்தது. “ஆமா, சொல்லுங்க” என்று தமிழிலேயே திரும்பினேன். கூப்பிட்டது பக்கத்து மேசைக்காரரை. நாம் கார்சியா என்று எழுதும் பெயரை அங்கே ‘கார்தீயா’ என்கிறார்கள், நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும். ஸ்பானிஷ் பேசும் தென்னமெரிக்கர்கள் வாயில் அது கார்சியா.

அப்புறம் பார்த்தால் அலுவலகம் முழுக்க கார்சியா. மேலாளருக்குப் போக வேண்டிய விடுப்பு மின்னஞ்சலை வேறொரு கார்சியாவுக்குத் தட்டிவிட்டேன். “நல்லபடியாகப் போய் வாருங்கள், ஆனால் லீவு கொடுக்கும் ஆள் நானில்லை” என்று பதில் வந்தது. கீழே ஒரு வரி: ‘இரண்டாவது குடும்பப் பெயரையும் பாருங்கள்.’

அங்கே எல்லோருக்கும் இரண்டு உண்டு. வழக்கமாக முதலில் அப்பாவுடையது, அடுத்தது அம்மாவுடையது. கார்சியாவை முதல் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் மட்டுமே 14 லட்சத்துக்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேர். நாட்டிலேயே முதலிடம். முதல் குடும்பப் பெயர் இப்படி ஊரெல்லாம் கிடந்தால், அம்மா வழிப் பெயரைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுகிறார்கள். கவிஞர் கார்சியா லோர்கா வெறும் லோர்கா ஆனது அப்படித்தான். 2004 முதல் 2011 வரை பிரதமராக இருந்த ரோட்ரிகஸ் சபதேரோவும் சபதேரோதான். இரண்டு பக்கமும் கார்சியா என்றால்? கார்சியா கார்சியா! எங்கள் தளத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

வலென்சியாவிலிருந்து:
வங்கியில் கணக்கு தொடங்கப் போனேன். என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்ட அம்மணி, “அம்மாவின் குடும்பப் பெயர்?” என்றார். அம்மாவுக்கும் இருப்பது தாத்தா பெயர்தான் என்றேன். “அப்போ உங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையா?” இல்லைங்க. பாவம், பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஸ்பெயினில் சந்தியாகோ புனித நடைபயணம் போனவர்:
அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்ளும் நம் இனிஷியல் மாதிரி ஸ்பெயின்காரர்களிடமும் முன்பு இருந்ததுதான். நடைபயணத்தில் நாஹெரா என்ற ஊர் வரும். அங்குள்ள மடாலயத்தை 1052இல் நிறுவிய, வடக்கே இருந்த நவார் நாட்டு அரசரின் பெயர் கார்சியா சான்செஸ். அன்று கார்சியா ஆளின் சொந்தப் பெயர், சான்செஸ் என்றால் சாஞ்சோவின் மகன். அந்தக் கார்சியாவின் மகன் சாஞ்சோ கார்செஸ்! அந்த வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படி மாறி மாறி வருகிறது. தாத்தா பெயரைச் சுமப்பவன்தானே நமக்கும் பேரன். பிற்பாடு பெயர் இறுகிப்போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. வேர்ச்சொல் ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழி என்பார்கள். ‘கரடி’ என்று ஒரு கட்சி, ‘இளையவன்’ என்று இன்னொரு கட்சி. எனக்குக் கரடிதான் பிடித்திருக்கிறது.

துபாயிலிருந்து:
என்னுடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் செவிலியரும் கார்சியாதான். ஸ்பெயினில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். ஸ்பானியர் ஆட்சியில், 1849இல், ஆளுநர் கிளாவேரியா அகரவரிசைப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஊர் ஊராக அனுப்பிப் பிலிப்பினோக்களைக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வைத்தாராம். சில ஊர்களில் பலருக்கும் ஒரே எழுத்தில் பெயர் தொடங்குவது அதனால்தானாம்.

மாட்ரிட்டிலிருந்து:
வலென்சியா நண்பரே, இங்கே என்னையும் அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். மூன்று முறை கூப்பிட்டாலும் எனக்கு உறைப்பதில்லை. ‘கார்தீயா’ என்றால் மட்டும் இன்றைக்கும் திரும்பிவிடுகிறேன்.