மறு: மருந்தியக்கவியலா, மருந்து வேகவியலா?

செவிலியர் பாடநூல் அத்தியாயம் திங்கள்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பார்மகோகைனெட்டிக்ஸ், அதாவது மருந்தை உடல் என்ன செய்கிறது என்பதற்கு மருந்தியக்கவியல் என்று எழுதிவிட்டேன். அடுத்த அத்தியாயம் பார்மகோடைனமிக்ஸ், மருந்து உடலை என்ன செய்கிறது என்பது. அதற்கும் கைக்கு வருவது அதே சொல்தான். மருந்து உடலில் தீர்ந்துபோவதான எலிமினேஷனுக்கு இப்போதைக்கு வெளியேற்றம் போட்டிருக்கிறேன். யாராவது காப்பாற்றுங்கள்.

* * *

தம்பி, இயக்கவியலை இயற்பியல்காரர்கள் டைனமிக்ஸுக்கு எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாயிற்று. பள்ளி வேதியியலில் வினை வேகவியல் இருக்கிறதே, அந்த வழியில் மருந்து வேகவியல் எனலாம். பார்மகோகைனெட்டிக்ஸ் என்ற மூலச்சொல்லே 1953இல் டோஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் தன் நூலில் ஒட்டிய இரண்டு கிரேக்கத் துண்டுகள்தான், அதிலும் முதல் துண்டுக்கு மருந்து, நஞ்சு இரண்டும் பொருள். எலிமினேஷனுக்கு வெளியேற்றம் வேண்டாம். 942ஆம் குறளைப் பாருங்கள்: 'அருந்தியது அற்றது போற்றி உணின்'. அற்றது என்றால் செரித்துத் தீர்ந்தது, மருந்து அதிகாரத்திலேயே சொல் கிடக்கிறது. அறல்!

* * *

வேகம் வடசொல் ஐயா. விரைவியல் என்போமா?

* * *

விரைவியல் என்றால் சட்டென்று கேட்கும் மருந்து என்றுதான் படுகிறது. அறல் என்றதும் எனக்கு ஆற்று மணலின் வரிகளும் அதை உவமையாக்கிய கூந்தலும் நினைவுக்கு வருகின்றன. 'மருந்தின் அறல்' என்று படிக்கிற பிள்ளை முடி வளர்க்கும் தைலமோ என்று நினைக்கும்.

* * *

பெயர் எதுவாகவும் இருக்கட்டும், எலிமினேஷனும், உடலை விட்டுப் போவதான எக்ஸ்கிரீஷனும் ஒரே சொல்லில் விழக் கூடாது. பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுகிறது. மாறிய அப்போதே அது பாராசிட்டமால் கணக்கில் தீர்ந்தது, சிறுநீரில் போவது அப்புறம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாக 2, 3 மணி நேரம் என்கிறோமே, அதில் பெரும்பங்கு கல்லீரலின் வேலைதான். வெளியேற்றம் என்று போட்டால் மாணவர்கள் சிறுநீரகத்தை மட்டும் பார்ப்பார்கள், கல்லீரல் கெட்ட நோயாளிக்கும் மருந்தளவை யோசிக்க வேண்டும் என்பது மனதில் ஏறாது. ஆகவே முழுமைக்கு நீக்கம், உடலை விட்டுப் போவதற்கு மட்டும் வெளியேற்றம். இன்னொன்று, கல்லீரல் இப்படி மாற்றுவதான மெட்டபாலிசத்துக்கு வளர்சிதை மாற்றம் என்கிறோம், மருந்து எங்கே வளர்கிறது?

* * *

அந்தக் கதவைத் திறக்காதீர்கள், அனுசேபமா வளர்சிதையா என்று போன முறை எண்பது மடல் ஓடியது.

* * *

நீக்கத்துக்கு மறுப்பு வரவில்லை, எடுத்துக்கொண்டேன். வேகவியலுக்கு இரண்டு பேர், மருந்தியக்கவியலுக்கு நான்கு பேர், அதில் மூன்று பேர் 'ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள். ஆக மருந்தியக்கவியல் நிற்கிறது, டைனமிக்ஸுக்கு மருந்து வினையியல். மருந்துக்கு வளர்சிதை மாற்றம் உறுத்தத்தான் செய்கிறது, 'உருமாற்றம்' என்று எழுதி அடிக்குறிப்பு கொடுத்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.

* * *

அறல் அடிக்குறிப்பிலாவது இருக்கிறதா தம்பி?