பொருள்: 'ஸ்பேஸ் வெதரிங்': விண்மங்கலா, விண்மூப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். 'ஸ்பேஸ் வெதரிங்' (விண்வெளியில் திறந்து கிடக்கும் மண்ணின் மேல்தோல் மெல்ல மாறுவது) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "விண்வெளி வானிலைச் சிதைவு" என்றே போட்டுவிடலாமே. வெதரிங்குக்குப் பள்ளிப் பாடத்தில் இருக்கிற சொல்தானே.

போடலாம் ஐயா, ஆனால் நிலவில் வானிலை ஏது? காற்றில்லை, மழையில்லை. பாறை உதிர்வதும் இங்கே பேச்சில்லை. மண்துகளின் மேல்தோல் மாறுவதுதான் சங்கதி. சூரியக் காற்றும் (பெயர்தான் காற்று, உண்மையில் சூரியனிலிருந்து பாயும் மின்துகள் ஓட்டம்) நுண்விண்கற்களும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடித்து அடித்து, துகள்மேல் நானோ அளவு இரும்புமணிகள் பதிந்த மெல்லிய படலம் படிகிறது. செம்பில் களிம்பு ஏறுகிற மாதிரி. (முதலில் 'விண்களிம்பு' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். "எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்?" என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.)

இந்தச் சொல்லைத் தேட வைத்தது நிலவில் உள்ள அராட்டஸ் என்ற பள்ளம். பழைய கிரேக்கக் கவிஞர் ஒருவரின் பெயர். வளர்பிறை அட்டமியன்று நங்கநல்லூர் மொட்டைமாடியிலிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தால், அப்பென்னைன் மலைகள் வெளிச்சமும் நிழலுமாக எழுந்து நிற்கும். நடுவே 10 கி.மீ. அகலத்தில் நிழல் தளும்பும் சின்னக் கிண்ணம். 1971இல் அப்போலோ 15 இறங்கிய இடத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ.

அதே இடத்தைப் பௌர்ணமியன்று பாருங்கள். நிழல் முழுக்க வடிந்துவிடும். மலை எது, மேடு எது என்று பிடிபடாது. அராட்டஸ் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் பளிச்சென்று இருக்கும். பள்ளத்தை உண்டாக்கிய மோதலில் கிளறிக் கிடக்கும் மண், சுற்றியுள்ள மண் அளவுக்கு இன்னும் கறுக்கவில்லை.

> அப்படியானால் 'விண்மங்கல்' போதுமே.

நானும் ஒரு வாரம் அதிலேயே நின்றேன். மண் மங்குவதோடு அதன் நிறமும் சிவப்புப் பக்கம் சாய்கிறது, நிறமாலையில் கனிமங்களின் உட்கவர் பட்டைகளும் (கனிமம் ஒளியை உறிஞ்சுவதால் விழும் இருண்ட பட்டைகள்) வலுவிழக்கின்றன. 'மங்கல்' இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும். தவிர, ஆய்வாளர்கள் 'மெச்சூர் சாயில்', 'இம்மெச்சூர் சாயில்' என்று பிரிக்கிறார்களே, மங்கலிலிருந்து அதற்கெல்லாம் சொல் கிளைக்காது. மூப்பிலிருந்து கிளைக்கும்: விண்மூப்பு, மூத்த மண், இளமண், மூப்பளவு. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் இட்டோகவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துகள்களிலும் இந்த இரும்புமணிகள் இருந்தன. அங்கேயும் பொருந்தும்.

---

ஐயா, வணக்கம். 'இளமண்' என்றதும் பள்ளமே இளையது என்று என் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். செங்குத்துச் சரிவில் மண் சரிந்துகொண்டே இருந்தால் பழைய பள்ளத்தின் சுவரும் வெள்ளையாகத்தான் தெரியும். போதாததற்கு மேட்டுநிலப் பாறையே வெளிறிய பாறை. வெளுப்பை வைத்து வயது சொல்ல முடியாது.

(திருவான்மியூரிலிருந்து)

---

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. வயது பள்ளத்துக்கு, மூப்பு மண்ணுக்கு என்று பிரித்துக்கொள்வோம். அடியில் புதைந்து கிடந்த மண்ணுக்கு எத்தனை கோடி வயதானாலும், மேலே வந்து வெயில் பட்ட நாளிலிருந்துதான் மூப்புக் கணக்கு ஓடும். சரிவில் புதிதாக வெளிப்பட்ட மண் இளமண்ணே, பள்ளம் கிழமாக இருந்தாலும். விளக்கத்தில் இந்த வரியைச் சேர்த்துவிடுகிறேன். 'இளம்பள்ளம்' என்ற பதிவை நீக்கிவிட்டு 'அண்மைப் பள்ளம்' என்று மாற்றுகிறேன்.

இன்னொன்று: மோதலில் தெறித்த மண் பள்ளத்தைச் சுற்றி வெளிர்கோடுகளாக விரிகிறதே, அந்த 'ரே'க்குக் 'கதிர்' போட்டிருக்கிறார்கள், அது கதிர்வீச்சோடு குழம்பும். நிலவின் டைக்கோ பள்ளத்திலிருந்து விரிகிற கோடுகளைப் பார்த்தால் எனக்குத் தென்னங்கீற்றுதான் ஞாபகம் வருகிறது. 'தெறிகீற்று' என்று ஒரு யோசனை. அதைத் தனி இழையில் போடுகிறேன். விண்மூப்புக்கு மறுப்பிருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.