சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க: உலக நிலவரமும் உங்கள் சம்பளமும்

ஊரிலிருந்து மலேசியாவுக்குச் செம்பனைத் (பாமாயில் தரும் பனை) தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. எங்கேயோ நடக்கிற போர் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாத இடம் இது. 1950-ல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை எகிறியது, பிறகு விழுந்தது. தோட்டக் கூலியும் கூடவே ஏறி இறங்கியது. இன்று ரப்பருக்குப் பதில் செம்பனை, அவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிச் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் (மலேசிய ரிங்கிட்) தாண்டியது. ஏப்ரல் 28-ல் ஏற்றுமதியை நிறுத்திய இந்தோனேசியா மே 23-ல் திறந்துவிட, தேங்கிய சரக்கு சந்தையில் குவிந்தது. ஜூலையில் விலை 4,000-க்கும் கீழே! இந்த ஆட்டம் அடிப்படைச் சம்பளத்தைத் தொடாது. 2025 பிப்ரவரி முதல் சட்டப்படி மாதம் 1,700 வெள்ளி. அடிபடுவது வெட்டும் குலைக்கணக்கில் கூடுதலாக வரும் மேல்காசும் ஓவர்டைமும்தான்.

உரத்தையும் பாருங்கள். செம்பனைக்குப் பொட்டாஷ் நிறைய வேண்டும். ரஷ்யாவும் பெலாரசும் அதைப் பெருமளவில் விற்கிற நாடுகள். விலை ஏறினால் தோட்டத்தில் உரத்தைக் குறைப்பார்கள். காய்ப்பு உடனே குறையாது, ஓரிரு வருடம் கழித்துத்தான் குலை சிறுக்கும். அதனால் மேல்காசை நம்பி ஊரில் வட்டிக்கு வாங்காதீர்கள். தவணை முழுக்க அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும்.

பணம் அனுப்பும்போது: 2024 பிப்ரவரியில் வெள்ளி சரிந்து டாலருக்கு 4.80 வரை போனது. 1,000 வெள்ளிக்குச் சுமார் 17,000 ரூபாய்தான் கிடைத்தது. செப்டம்பரில் அதே ஆயிரத்துக்கு 20,000. வீட்டுச் செலவுக்கானதை மாதாமாதம் அனுப்புங்கள், சேமிப்பை மட்டும் நல்ல ரேட் வரும்வரை வைத்திருங்கள். ரேட்டை மட்டும் பார்க்காமல், கட்டணம் போகக் கையில் எவ்வளவு சேரும் என்று கேளுங்கள். உண்டியலில் (வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் முறை) போடவே வேண்டாம். பணம் மாட்டிக்கொண்டால் புகார் கொடுக்க ரசீதுகூட இருக்காது.

காஷ்மீர் பற்றி அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியதில் எழுந்த கசப்பு அடங்காத நேரத்தில், 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. டில்லிச் செய்தியும் இங்கே வேலையைத் தொடும்.

*கேள்வி:* அண்ணே, பாஸ்போர்ட்டைக் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வாங்கி ஆபீசில் வைத்துக்கொண்டார். சரியா?

*பதில்:* சரியில்லை தம்பி. உரிய அதிகாரமில்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியாவின் 1966-ம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 2020-ல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனைச் சரக்கை, கட்டாய உழைப்பு என்று அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அப்போது சொன்ன காரணங்களில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததும் உண்டு. நிர்வாகத்துக்கும் அது தெரியும், தயங்காமல் கேள். லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) வைக்கப் பயமென்றால், சாவி உன்னிடமே இருக்கும் பூட்டுப்பெட்டி கேள். முதல் பக்கம், வேலை பெர்மிட், ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து இன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. தரமாட்டேன் என்றால் தொழிலாளர் இலாகாவுக்கும், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கும் எழுது. இந்திய அரசின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் ஊரிலிருந்து வீட்டாரும் உனக்காகப் புகார் பதியலாம்.